வீட்டுச் சோதனை

"பொண்ணை உங்க அண்ணன் வீட்டுல விட்டுட்டு அன்னைக்கே கிளம்பிட்டியாம். நாலு நாள் எங்க இருந்த?"

மனைவியிடம் கேட்டபடியே முதலாளி ஓரடி முன்னே வைத்தார்; அவள் ஈரடி பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவள் ஊரிலிருந்து திரும்பிய மூன்று நாளாக இதே கூத்து. தட்டு வேறு, தம்ளர் வேறு, படுக்கை கோடியறையில். இருபது ஆண்டு உடன் வாழ்ந்தவர் திடீரென்று வேண்டாதவராகிப்போனார்.

மேசைமேல் கிடந்த கருவி மறுபடியும் அலறியது. அதன் வாயை அடைத்தார்.

அவருடைய தொழிற்சாலையில் பிறந்த கருவி அது. அணுப்பொருளை ஒளித்துக் கடத்துகிறவன் நெருங்கினால் காவலரின் இடுப்பிலிருந்து கூவ வேண்டும். காரணமின்றிக் கூவவும் கூடாது. ஆகவே புதிய மாதிரி எதுவானாலும் விற்பனைக்குப் போகுமுன் தம் வீட்டில் சில நாள் குடியிருக்க வேண்டும் என்று விதி வகுத்திருந்தார். மிக்ஸி, கைப்பேசி, குளிர்பெட்டி எல்லாவற்றோடும் அது ஒத்துப்போக வேண்டும். இதுவோ வாசற்படி தாண்டினாலே அழுகிறது. மூன்று நாளில் மூன்று கருவிகளை மாற்றியாயிற்று. தொழிற்சாலையில் சாதுவாக இருக்கிறது, முதலாளி வீட்டின் மேல்தான் அதற்குக் கோபம் என்று பரிசோதகப் பெண் சொல்லிச் சிரித்ததை அவர் ரசிக்கவில்லை.

"யார்கூட இருந்தன்னாவது சொல்லு."

சொன்னவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். இதய அறுவை நடந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. பதறி ஓடி வந்தவள் பாதி வழியில் கட்டிப்போட்டாற்போல் நின்றாள். அங்கிருந்தே மாத்திரைப் பட்டையை மேசைமேல் தள்ளிவிட்டாள்.

அந்த இரண்டடித் தூரம் அவரைச் சுட்டது.

"கோவப்படாதீங்க. டாக்டர் கூடாதுன்னிருக்கார். இன்னும் ஒரு வாரம் பொறுங்க, எல்லாம் சொல்றேன்."

"ஒரு வாரத்துல அவன் வந்து கூட்டிட்டுப் போயிடுவானா? அதுக்கு இப்பவே போ."

அவள் அழவும் இல்லை, வாதாடவும் இல்லை. கைப்பேசியைக்கூட எடுக்காமல் பையோடு இறங்கினாள். வாசலில் அழைத்த வாடகை வண்டிக்காரரிடம் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, கொளுத்தும் வெயிலில் தெருவோரமாக நடந்தே மறைந்தாள்.

வழக்கறிஞரை மாலையில் வரச் சொல்லிவிட்டு முதலாளி தொழிற்சாலைக்குப் போனார். திருப்பியனுப்பிய கருவிகளைப் பரிசோதகப் பெண் கணினியோடு இணைத்து வைத்திருந்தாள். அந்த மாதிரியில் செய்தவை அத்தனையையும் பிரித்துப் போடும்படி உத்தரவிட்டார்.

"பிரிக்க வேண்டாம் சார். எதுலயும் கோளாறு இல்ல. உள்ளே பதிவாகியிருக்கிறதைப் பார்த்தேன். மூணுமே ஒரே பொருளைத்தான் பிடிச்சிருக்கு."

"என் வீட்டுல என்ன அணுகுண்டா வச்சிருக்கேன்?"

"கடத்தல் சரக்கு இல்ல சார், மருந்து. கதிரியக்க அயோடின்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "தைராய்டு புற்றுநோய்க்குக் கொடுப்பாங்க. சில நாள் ஆஸ்பத்திரித் தனியறையில வச்சிருந்து, வீட்டுக்குப் போனதும் பிரியப்பட்டவங்களைக் கிட்டவே விடாதீங்கன்னு சொல்லி அனுப்புவாங்க. வீட்டுல யாருக்கு சார் உடம்பு சரியில்ல?"