மெமோ யாருக்கு?

"ரெண்டு டீம்லயும் நம்ம புள்ள இல்லையே! பொய் சொல்லி லீவு வாங்கியிருக்கு. மெமோ அடிங்க பிளெஸ்ஸி," என்று குதித்தார் கண்காணிப்பாளர் செம்மல்.

திருமயத்து அலுவலகமே மதியச் சோற்றை மறந்து செல்போனைச் சுற்றி நின்றது. உலக டேபிள் டென்னிஸ் குழுப் போட்டியின் இறுதி ஆட்டம். "பைனல் பாருங்கக்கா, நான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பிளெஸ்ஸியிடம் விடைபெற்றிருந்தாள் கிளார்க் நான்சி.

"அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகலை சார். மெமோ போனா வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"போகட்டும். மட்டையைப் புடிச்சுக்கிட்டு அங்கிட்டே கெடக்கட்டும்!"

தேதி பார்க்க லீவு லெட்டரை எடுத்துப் படித்த பிளெஸ்ஸி, டைப் அடிப்பதை நிறுத்தினாள்.

"செத்த பொறுங்க சார். ஆட்டத்தைப் பாருங்க."

திரையில் ஒரு கோச் மஞ்சள் அட்டைக்கும் அடங்காமல் கத்திக்கொண்டிருந்தார். உயரமான நாற்காலியிலிருந்து சிவப்பு அட்டை நீண்டது. அத்தனை பெரிய மனிதர் வாயை மூடிக்கொண்டு அரங்கை விட்டு வெளியேறினார். கேமரா மேலே ஏறியது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் நான்சி.

"அம்பயரா! எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"லெட்டர்ல முதல் வரியே அதான் சார். கீழ உங்க கையெழுத்து. இப்ப மெமோ யாருக்கு அடிக்கட்டும்?"