ஒரு நாள் பண்ணைக்காரர்

“கொஞ்சம் அழுக்கு வேணும் சாரே. ஆட்டுக்காரன் இவ்வளவு வெளுப்பா வேட்டி உடுக்க மாட்டான்,” என்றார் சுவாமிதாஸ்.

வேலப்பன் குனிந்து ஒரு கை மண்ணை எடுத்து வேட்டியில் தடவிக்கொண்டார். கணக்கு ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடப்பக்கம் தடவிய அளவுக்கே வலப்பக்கமும் தடவினார்.

சுவாமிதாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழிஞ்ஞத்துக்கு வெளியே கடலில் நிற்கும் கப்பலிலிருந்து ஒரு பஸ் நிறைய வெள்ளைக்காரர்கள் இந்த மலையடிவாரத்துக் கல்லாற்றுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அசல் ஆட்டுப்பண்ணையைச் சுற்றிக்காட்டுவதாக ஏற்றுக்கொண்டவர் அவர். பண்ணைக்காரி பொன்னம்மையோ காலில் சுளுக்கு என்று சொல்லி, நகரத்து ஸ்ரீவராகத்திலிருந்து இந்தத் தம்பதியைக் கூட்டிவந்து தன் இடத்தில் நிறுத்திவிட்டாள். அதே சுளுக்குக் காலோடு அவள் நெடுமங்காடு பஸ்ஸைப் பிடிக்க ஓடியதை அவர் கண்ணால் பார்த்தார்.

“உங்களுக்கு எதுக்கு சாரே இந்த வேண்டாத வேலை? வீட்டில பிள்ளைகள் கண்டா சிரிக்காதா?”

“சிரிக்க ஆளில்ல. ஒருத்தன் இருந்தான், எங்கிட்ட சண்டை போட்டுட்டுப் போயிட்டான்,” என்றார் வேலப்பன். “இவளுக்குக் கப்பல்காரங்களப் பாக்கணுமாம்.”

அவர் மனைவி சிவகாமியம்மாள் பஸ் வரும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். பட்டுக்கரை போட்ட சேலை உடுத்து, தலையில் பூ வைத்திருந்தார். இதையெல்லாம் மாற்றச் சொல்ல சுவாமிதாஸுக்கு வாய் வரவில்லை.

பஸ் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் கப்பல் அதிகாரி. வெள்ளைச் சீருடை, தோளில் பட்டை, தலையில் தொப்பி, கையில் பேனா. இவர் நல்லபடியாக நாலு வரி எழுதினால் அடுத்த கப்பலும் சுவாமிதாஸைத் தேடி வரும். இல்லையென்றால் கிழக்கேகோட்டையில் ஆசையாசையாகத் திறந்த டூரிஸ்ட் ஆபீசைப் பூட்டிவிட்டு மறுபடியும் ஆட்டோ ஓட்டப் போகவேண்டியதுதான்.

அதிகாரி கொட்டகையைப் பார்த்து நடந்து வந்தவர், பாதியில் நின்றார். பிறகு வெயிலே விழாத அந்த ஓலைக் கூரைக்கு அடியில் வந்து, கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“இவன் பம்பாய்க்காரனாக்கும். தமிழும் அறியாது, மலையாளமும் அறியாது,” என்று சுவாமிதாஸ் அவர் முன்னாலேயே சொன்னார். “நீங்க வாயில வந்ததச் சொல்லுங்க சாரே, மிச்சம் நான் பாத்துக்கிடுவேன்.”

பயணிகளிடம் கப்பலில் செம்மறிப் பண்ணை என்று சொல்லியிருந்தார்கள். இங்கே நின்றவை எல்லாம் வெள்ளாடுகள். யாரும் கேட்கவில்லை, சுவாமிதாஸும் சொல்லவில்லை. எல்லாரும் மும்முரமாகப் படம் பிடித்தார்கள்.

வயதான காலத்தில் இவர்கள் இரண்டு பேரும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். வேலப்பனுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆட்டுக்காரனுக்கு வரக்கூடாது என்று ஏற்பாடு.

“ஏழு வருஷமாட்டு நாங்க ரெண்டு பேரு மட்டுந்தான். ஒரு மாதிரி போவுது,” என்றார் வேலப்பன், ஒரு ஆட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு.

ஏழு தலைமுறையாக இதே குடும்பம்தான் இந்த மலையடிவாரத்தில் ஆடு வளர்க்கிறது என்று சுவாமிதாஸ் மொழிபெயர்த்தார். வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். அதிகாரி ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினார்.

சிவகாமியம்மாள் வாழையிலையில் அவித்த இலையடை பரிமாறினார். எல்லாருக்கும் ஒன்று, அதிகாரிக்கு மட்டும் மூன்று. கப்பலில் வயிறு நிறையச் சாப்பாடு போடுவார்களா என்று கேட்கச் சொன்னார். பெரிய மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது? எல்லாம் இந்தப் பண்ணையின் ஆட்டுப்பாலில் செய்தது என்று சுவாமிதாஸ் ஆங்கிலத்தில் சொல்லிவைத்தார். அதிகாரி தலை நிமிராமல் மூன்றையும் தின்றார். அம்மையார் நாலாவதை வைத்தார்.

கடைசியாகப் பால் கறந்து காட்டவேண்டும். வேலப்பன் செம்பை எடுத்துக்கொண்டு, இருந்ததிலேயே பெரிய ஆட்டின் பக்கத்தில் குந்தினார். கை அடியில் போனது. தடவியது, தேடியது. ஆடு கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது.

ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் மனைவி அவருடைய முழங்கையை அழுத்தி அடக்கினார்.

சுவாமிதாஸுக்கு ஆட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புதான். புது ஆட்களைக் கண்டால் ஆட்டுக்கு வெட்கம் வந்துவிடும் என்று ஒரு போடு போட்டார்.

அதிகாரி தட்டை வைத்துவிட்டு எழுந்தார். நேராக வேலப்பனைப் பார்த்து நடந்தார். எல்லாம் முடிந்தது என்று சுவாமிதாஸுக்குத் தெரிந்துவிட்டது. பின்னாலேயே ஓடி, இவர்கள் புது ஆட்கள், அசல் பண்ணைக்காரி வேறு, இதை எழுதிவிடாதீர்கள் சார் என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் கொட்டினார்.

அதிகாரி அதைக் காதில் வாங்கவே இல்லை. தொப்பியைக் கழற்றினார், கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது. வெள்ளைச் சீருடையோடு மண்தரையில் மண்டியிட்டு, வேலப்பனின் கையைப் பிடித்து மெதுவாக வெளியே எடுத்தார்.

“அப்பா, அது கெடாவாக்கும்.”