அவசரமில்லாத நடை

"நிறைமாசக்காரியைப் போய் முதல்ல இறங்கச் சொல்றாரே, இவர் மனுஷன்தானா?"

அக்காவால் முணுமுணுக்கத்தான் முடிந்தது. மூன்றாவது மாடி ஆங்கிலப் பேச்சு வகுப்பில் அந்த வாத்தியாரை எதிர்த்து யாருக்கும் நாக்கு எழாது. சிடுமூஞ்சி என்று பெயர் வைத்ததுகூட அவர் முதுகுக்குப் பின்னால்தான்.

படியோ ஒற்றையாள் அகலம். செங்குத்து. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. தினமும் கூட்டமெல்லாம் இறங்கித் தொலைந்த பிறகுதான் அக்கா தன் நிறைமாதத் தங்கையைக் கீழே அழைத்துப் போவாள்.

இன்றைக்குப் பாதி வகுப்பில் வாட்ச்மேன் வந்து வாத்தியார் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். வாத்தியார் முகம் இறுகியது. நடத்திய பாடத்தை அழித்துவிட்டு ஒரே ஒரு வார்த்தையை எழுதினார்.

"சாண்டர். அவசரமே இல்லாம, ஆற அமர நடக்கறது. கால் வலிச்சு மெதுவா நடந்தா அது சாண்டர் இல்ல. பஸ்ஸைப் பிடிக்கப் போறவன் சாண்டர் பண்ண முடியாது. 'ஹி சாண்டர்டு டு த கேட்'னா, கேட்டு எங்கயும் ஓடிடாதுங்கற நெனப்புல நடந்தான்னு அர்த்தம். புரிஞ்சுதா?"

புரிந்தவர்களும் புரியாதவர்களும் சேர்ந்தே தலையாட்டினார்கள்.

"இப்ப எல்லாரும் தெரு வரைக்கும் அப்படி நடந்து காட்டணும். இதுதான் பரீட்சை. பையெல்லாம் இங்கயே இருக்கட்டும். கையைப் பின்னாடி கட்டிக்குங்க. முன்னாடி போறவங்களை முந்தினா ஃபெயில்."

தங்கையைப் பார்த்தார். "நீங்க முதல்ல போங்கம்மா. சுவரைப் பிடிச்சுக்கங்க."

"சார், அவளுக்கு நாள் நெருங்கிடுச்சு..."

"தெரியுது. அவங்க நடக்கற வேகத்துலதான் எல்லாரும் நடக்கணும். கெளம்புங்க."

கேலி வேறயா! அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் தங்கையின் பின்னாலேயே இறங்கினாள்.

ஒவ்வொரு படிக்கும் தங்கையின் கால் துழாவியது. ஒவ்வொரு தடவையும் அக்காவுக்கு உயிர் போய் வந்தது. பின்னால் மொத்த வகுப்பும் நின்றது. ஒருத்தர் இடறினால் போதும், அத்தனை பேரும் இவள் மேல்தான் விழுவார்கள். கடவுளே, வயிற்றில் இருப்பதையாவது காப்பாற்று.

"இந்த வேகத்துல போனா குழந்தை படியிலயே பொறந்துடும்" என்றார் பின்னாலிருந்து, கூடப் படிக்கும் லாரி டிரைவர். யாரோ சிரித்தார்கள்.

"பேச்சு வேண்டாம்!" மேலேயிருந்து அதட்டல் வந்தது. "நிக்காதீங்க. எதிர்வரிசைக் கடை வரைக்கும் போங்க!"

எதிர்க்கடை வாசலில் தங்கையை உட்கார வைத்தாள் அக்கா. பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. கடைசி ஆளாகத் தெருவைக் கடந்து வந்த வாத்தியாரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சார், ஒரு வார்த்தை சொல்லிக்குடுக்க ரெண்டு உயிரோடயா வெளையாடுவீங்க?"

வாத்தியார் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவர் மேலே கை காட்டினார். மூன்றாவது மாடி ஜன்னல்களில் கரும்புகை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

"பக்கத்து ரூம்ல தீ புடிச்சிருச்சும்மா. நான் அதைச் சொல்லியிருந்தா, அந்தப் படியில முதல்ல மிதிபட்டிருக்கறது உங்க தங்கச்சிதான்."