ஐந்தாவதாக வீடு பார்க்க வந்தவள்

தண்ணீர் விடிகாலையில் அரை மணி நேரம்தான் வரும் என்றேன். பரவாயில்லை என்றாள்.

மாதம் முடிய இன்னும் இரண்டு நாள். அதற்குள் யாரும் வீட்டை எடுக்காவிட்டால் பழைய வாடகைக்கே இருந்துகொள்ளுங்கள் என்று ஓனர் வாய் தவறிச் சொல்லிவிட்டிருந்தார். புது வாடகை எங்களுக்குக் கட்டாது. பழைய வாடகைக்கு வெளியே ஒரு குளியலறைகூடக் கிடைக்காது என்பதை இரண்டு மாதமாக அலைந்து தெரிந்துகொண்டாயிற்று.

வருகிறவர்களுக்கு நான்தான் வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டும். சுற்றுவதற்கு என்ன இருக்கிறது, நின்ற இடத்தில் திரும்பினால் முடிந்தது.

ஓனர் கீழே போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

மேலே மொட்டை மாடி, பகலில் அனல் இறங்கும் என்றேன். பகலில் வேலைக்குப் போய்விடுவோம், பரவாயில்லை என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து கத்துவார் என்றேன். பாவம், காபிகூடக் குடிக்காத மனிதர். அதற்கும் பரவாயில்லை.

எனக்கு எரிச்சலாக வந்தது. முன்னால் வந்த நான்கு பேரும் இதற்குள் முகம் சுளித்துவிட்டுப் படியிறங்கியவர்கள். இவள் அசைகிற மாதிரி தெரியவில்லை.

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். தையல் மெஷினை நகர்த்திச் சுவரைக் காட்டினேன். இடுப்பு உயரத்துக்கு ஈரம் கோத்து நின்றது. மாடியிலிருந்து கசிகிறது, மழையே இல்லாத நாளில் இந்தக் கதி, என் மகளுக்கு இருமல் நிற்பதே இல்லை என்றேன்.

இந்த முறை அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

சுவரில் உள்ளங்கையை வைத்தாள். அப்படியே மேலே தடவிக்கொண்டு போனாள். மேலே சுவர் காய்ந்து கிடந்தது.

குனிந்து தரையைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் விளிம்பில் இருந்த குளியலறை மக்கைப் பார்த்தாள். அதன் அடியில் இன்னும் சொட்டுத் தண்ணீர் இருந்தது.

இவள் கீழே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு நாள்கூடத் தாங்காது, இன்றைக்கே சாமான் தெருவுக்கு வந்துவிடும்.

படியில் ஓனரின் செருப்புச் சத்தம் கேட்டது.

அவள் சட்டென்று மக்கை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறை வாளிக்குள் போட்டுவிட்டு வந்தாள். என் காதருகே குனிந்தாள்.

“நான் ஸ்டூல் போட்டு ஏறி, மேல இருந்து ஊத்துனேன்க்கா. அப்பவும் ஒருத்தங்க வந்து எங்க வீட்டை எடுத்துக்கிட்டாங்க.”

ஓனர் வாசலில் வந்து நின்றார். வீடு பிடித்திருக்கிறதா என்று கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“சுவர்தான் கொஞ்சம் ஈரமா இருக்குங்க. பரவாயில்ல.”

நாளைக்கு நானும் யார் வீட்டிலாவது போய் நின்று அந்தச் சொல்லைத்தான் சொல்ல வேண்டும்.