நாலந்தாவிலிருந்து வந்தவள்

மெசினுக்கு முன்னால் அவள் வந்து குந்தியபோதே கைறுன்னிஸாவுக்கு வயிறு எரிந்தது.

தன் வீட்டுப் பின்னறை. தன் மகள் றமீஸாவின் கல்யாண நாள். அங்கே வந்து குந்தியிருப்பவள் ஸைனம்பு. கைறுன்னிஸாவின் புருஷன் பலீல், தம்புள்ளைப் பக்கத்து நாலந்தாவில் இரண்டாவதாக நிக்காஹ் செய்து வைத்திருந்தவள்.

பலீல் மவுத்தாகி அடக்கம் செய்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கரண்ட் இல்லாத கல்யாண வீடுகளுக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்த அவனுடைய லைட் மெசின், அன்றிலிருந்து இந்த அறையில்தான் சாக்கு மூடிக் கிடந்தது. மகள் கல்யாணத்துக்கும் அதுவே எரியட்டும் என்று நேற்று பெற்றோல் ஊற்றி வைத்தார்கள். காலையில் பார்த்தால் பாதி தரையில் கிடந்தது.

கைறுன்னிஸாவின் தம்பி லாபிர், சொட்டு விழுந்த இடத்திலிருந்த காபரேட்டரைக் கழற்றிப் பூட்டினான். இறுக்கிப் பார்த்தான். சவர்க்காரம் வைத்து அடைத்தான். சொட்டு நிற்கவில்லை.

"நாலந்தாவுக்கு ஆள் அனுப்புவோம் ராத்தா. அவங்களுக்குத் தெரியும்" என்றான் கடைசியில்.

தெரியாமல் என்ன?

மெசினைத் துடைக்கப் போனால்கூட, உனக்கு இது விளங்காது என்று கைறுன்னிஸாவின் கையிலிருந்து துணியைப் பிடுங்கியவன் பலீல். கல்யாணத்துக்குக் கல்யாணம் அவன் கூட்டிப் போனது இவளைத்தான். தம்புள்ளையில் கண்டோம், சீகிரியாப் பக்கம் லொறியில் கண்டோம் என்று வருகிறவர்கள் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் கைறுன்னிஸாவின் கண்ணுக்குள் ஒரே காட்சிதான் வரும். வரிசையாக எரியும் பல்புகளுக்குக் கீழே, பட்டுடுத்தி, பலீலுக்குப் பக்கத்தில் இவள்.

நேரில் பார்ப்பது இன்றுதான். பட்டு இல்லை. வெளுத்த சேலை, ஒட்டிய கன்னம். அப்படியும் பொறாமை அடங்கவில்லை. மெசின் அவளுக்குப் பழகிய ஆடு மாதிரி நின்றது.

ஸைனம்பு யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுப்பு எரிவதால் குசினிக் கதவைச் சாத்தச் சொன்னாள். பழந்துணியால் மெசினை மேலிருந்து கீழ்வரை ஈரம் போகத் துடைத்தாள்.

"கொஞ்சம் முகத்துக்குப் போடுற பவுடர் தாங்க ராத்தா."

மகளுக்கென்று வாங்கியது. கைறுன்னிஸா அதைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள்.

ஸைனம்பு பெற்றோல் டாங்கியின் அடியிலும் குழாயிலும் காபரேட்டரிலும் பவுடரைத் தூவினாள். பெற்றோல் ஓடட்டும் என்று டாங்கியின் திருகியைத் திறந்துவிட்டு, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளை நனைந்தது. சொட்டு விழும் இடத்தில் அல்ல. அதற்கு மேலே, டாங்கிக்கு அடியில் தொங்கும் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பில். அங்கே கசிந்தது குழாயின் அடிப்புறமாக ஊர்ந்து வந்து, காபரேட்டரில் சொட்டியது.

திருகியை மூடிவிட்டுக் கிண்ணத்தைக் கழற்றினாள். விளிம்பில் இருந்த தக்கை வளையம் காய்ந்து, சுருங்கி, கல்லாகக் கிடந்தது.

"பெற்றோல் படாம சும்மா கெடந்தா இப்பிடித்தான். சுடுதண்ணியில போட்டா ஊதி வரும் ராத்தா."

சுடுதண்ணீர் வந்தது. தக்கையை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தபடி ஸைனம்பு காத்திருந்தாள். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க கைறுன்னிஸாவுக்குத் தாங்கவில்லை. எத்தனை தடவை பலீல் இவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக் காட்டியிருப்பான்?

"எல்லாம் அவர் பழக்கிக் குடுத்ததா?"

ஸைனம்பு நிமிர்ந்தாள். கேள்வி விளங்காதவள் போலப் பார்த்தாள்.

"அவருக்கு மெசின் வேல தெரியாதே ராத்தா. வயர் இழுப்பாரு, பல்ப் கட்டுவாரு, அவ்வளவுதான். மெசின் பாத்தது எங்க வாப்பா. வாப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கினதும் நான் கூடப் போய்ப் பாத்தேன். வாப்பா மவுத்தான பொறகு, அன்னியப் பொம்பளய ஊரூராக் கூட்டிட்டுப் போக ஏலாதுன்னு அவர் நிக்காஹ் செஞ்சாரு."

தக்கையைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் இதையும் சொன்னாள்.

"அப்ப, கல்யாண வீட்டுல நீ..."

"பின்னால ஓலை மறைப்பு கட்டிக் குடுப்பாங்க. மெசினோட அதுக்குள்ள இருப்பேன். அந்தச் சத்தத்துல வேற ஒண்ணும் கேக்காது. இன்னும் ஒரு கல்யாணப் பொண்ணக் கண்டதில்ல ராத்தா."

ஊதி வந்த தக்கையை வைத்துக் கிண்ணத்தைப் பூட்டினாள். புதிதாகப் பவுடர் தூவித் திருகியைத் திறந்தாள். இந்தத் தடவை அது வெள்ளையாகவே இருந்தது.

கைறுன்னிஸா அந்த வெள்ளையையே பார்த்தாள். இத்தனை காலமும் அந்தப் பல்புகளுக்குக் கீழே அவள் நிறுத்தி வைத்திருந்த பெண்ணைக் காணவில்லை. அங்கே பலீல் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தான்.

உள்ளே றமீஸா கூப்பிட்டாள். "உம்மா, எங்க இருக்கீங்க? உடுப்பு மாத்த எல்லாரும் வந்துட்டாங்க."

"நீங்க போங்க ராத்தா" என்றாள் ஸைனம்பு. "நான் இங்கயே மெசின் பக்கத்துல இருக்கேன்."

கைறுன்னிஸா போகவில்லை. கதவுப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னாள்.

"வாறேன் மகள். சின்னும்மாவும் வாறா."