704-ஆம் வீட்டுப் பேய்

காலை ஏழு நாற்பது. ஒரே வாரத்தில் மூன்றாவது தடவையாக 704-ஆம் வீட்டு வாசலில் சிவப்புக் காராமணியை இறைத்துக்கொண்டிருந்தபோது பாங் சியோன் பிடிபட்டாள். பதினாறு வயது, அதே மாடியில் குடியிருப்பவள். பள்ளிச் சீருடையில் இருந்தாள்.

பிடித்தவள் 703-இல் குடியிருக்கும் மா கியோங்ரான். இஞ்சியோன் நகரின் அந்த அடுக்ககத்தில் ஏழாவது மாடிக்குக் குடியிருப்போர் சங்கப் பிரதிநிதி.

"எவனாவது வழுக்கி விழுந்தா யாருடி பொறுப்பு?"

"பேயை விரட்டறேன் ஆன்ட்டி. சிவப்புக் காராமணி போட்டா பேய் அண்டாதே. சாயங்காலம் அஞ்சு மணியானா உள்ளே அழுவுது."

"உள்ளே ஒரு ஆம்பளை தனியா இருக்கார். பேயாவது ஒண்ணாவது."

"தனியாத்தானே இருக்கார்? அப்ப அழறது யாரு?"

துடைப்பத்தோடு வந்த காவலாளி பியோ சிரித்தார். "இதைக் கஞ்சியா காய்ச்சிக் கொண்டாந்தா நானாவது குடிப்பேனே, பாப்பா."

கியோங்ரான் சியோனின் பையைப் பிடுங்கித் திறந்தாள். தடியாக ஒரு நாவல். அட்டையில் வாளேந்திய பள்ளிக்கூடப் பெண், எதிரே கொம்பு முளைத்த பூதம்.

"இதைப் படிச்சா புத்தி இப்படித்தான் போகும். நான் வீட்டை விக்கப் போற நேரத்துல பேய்க்கதை கட்டறியா? உன் ஸ்கூலுக்குச் சொல்றேன் இரு."

சொன்னாள். சியோனை மூன்று நாள் பள்ளிக்கு வரவேண்டாம் என்றார்கள். இன்னொரு புகார் வந்தால் நீக்கம்.

மறுநாளும் 704 வாசலில் காராமணி கிடந்தது.

வியாழக்கிழமை 703-ஐ விலைக்கு வாங்கலாமா என்று பார்க்க வந்த தம்பதி, அதைப் பார்த்துவிட்டு லிஃப்டை விட்டே இறங்கவில்லை.

அன்று மாலையே சங்கம் கூடியது. 704-ஐத் திறந்து காட்டச் சொன்னார்கள். அந்த ஆள் மறுத்தான். உடனே போலீசுக்கு மனு எழுதினார்கள். 'பல மாதங்களாக அழுகைச் சத்தம் கேட்கிறது' என்று பதினான்கு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து கியோங்ரானுடையது.

"உள்ளே இருக்கறது பேய்தான்னு உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?" என்று சியோனிடம் கேட்டாள்.

"பேய்னு நான் நினைக்கவே இல்லை ஆன்ட்டி. அக்டோபர்ல உங்ககிட்ட வந்து, குழந்தை அழுவுதுன்னுதான் சொன்னேன். அடுத்தவங்க வீட்டு விஷயம்னு கதவைச் சாத்திட்டீங்க."

டிசம்பர் 12-ஆம் தேதி போலீசார் 704-இன் கதவை உடைத்தார்கள். பால்கனியை ஒட்டிய சாமான் அறையில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் உயிரோடு இருந்தான்.