பிணம் சிரிக்க வேண்டும்

அவள் பிணத்தின் தலைமாட்டில் அமர்ந்தாள்.

பிணம் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது. நெற்றி நிறையத் திருநீறு. நாடியைச் சுற்றி வெள்ளைத் துணி. மார்பின்மேல் ரோஜா மாலை.

சுவரொட்டியில் கதை, வசனம், இயக்கம் என்று பெயர் போட்டுக்கொண்டவர், பிணமாகக் கிடந்த அவரே. படத்தில் இறந்துபோகும் அண்ணனும் அவரே.

கதையும் வசனமும் அவளுடையவை. முந்தைய படத்திலும் அப்படித்தான்.

தங்கை வேடத்தை அவளாகக் கேட்டு வாங்கியிருந்தாள்.

"எழுதுனது போதாதுன்னு நடிப்பு வேறயாம்மா?" என்று சிரித்தார். கொடுத்தார். ஓர் ஒப்பாரிதானே.

அந்தக் காட்சிக்கு அவள் எழுதித் தந்தது ஒரே வரி. தங்கை அழுகிறாள்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அழுகைக்கு வசனம் எதற்கு?

அவருடைய படப்பிடிப்பில் ஒரு விதி உண்டு. 'கட்' என்னும் சொல் அவர் வாயிலிருந்து மட்டுமே வரவேண்டும். அவசரப்பட்டு ஒருமுறை சொல்லிவிட்ட உதவி இயக்குநர் அன்றே ஊருக்குப் பேருந்து ஏறினார்.

இன்று அவர் பிணம். விதியை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அவள் நினைத்திருந்தாள்.

கண்மூடி ஈசனைத் தொழுதாள். கூந்தலை அவிழ்த்தாள்.

நேரடி ஒலிப்பதிவு. தளம் அடங்கியது. கேமரா ஓடத் தொடங்கிற்று.

"அண்ணே, என் அண்ணே!
நான் பெத்த கதைக்கெல்லாம்
நீ பேரு வச்ச அண்ணே!
ஊரு பாக்கத் திரையில
ஓடுச்சே உன் பேரு,
ஓரத்துலயும் இல்லியே
திலகவதி என் பேரு!"

படத்தில் தங்கையின் பெயர் அதுவன்று.

ஒப்பனைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒலிப்பதிவாளர் காதுக்கருவியை இன்னும் அழுத்திக்கொண்டார்.

ஒப்பாரிக்குரிய முறைப்படி அவள் பிணத்தின் மார்பில் அறைந்தாள். இதழ்கள் சிதறின.

"கண்ணாடிய எடுத்தெடுத்து
எங்கப்பன் தொடச்சாரே,
பேரக் காணோம், பேரக் காணோம்,
பார்வதான் போச்சுன்னு
பாடையில போனாரே!"

முந்தைய படம் வெளியான அன்று அவள் தந்தையைத் திரையரங்குக்கு அழைத்துச் சென்றிருந்தாள்.

பிணத்தின் இமைகள் நடுங்கின. கண் திறந்தால், கேட்டது உறைத்தது என்றாகும். திறவாவிட்டால் இன்னும் கேட்கவேண்டும்.

அவள் நிறுத்தவில்லை. அவளை நிறுத்த அங்கு ஒருவருக்கே உரிமை இருந்தது.

மீண்டும் அறைந்தாள். மீண்டும் பாடினாள். ஒவ்வொரு முறையும் தன் பெயரைத் தெளிவாகச் சொன்னாள்.

கடைசியில் பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"கட்."

நாடியைக் கட்டியிருந்ததால் குரல் சரியாக எழும்பவில்லை.

ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரும் நகரவுமில்லை.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரியா வந்துச்சாண்ணே? இல்லேன்னா இன்னொருவாட்டி அழறேன்."

பிணமாக நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். பூசணிக்காய் உடைக்கவேண்டும். சிரிக்காவிட்டால், நடித்த சாவு உடம்பைவிட்டுப் போகாது என்பது படக்காரர்களின் அச்சம். அவருக்கோ அது தெய்வவாக்கு.

உதவி இயக்குநர் செங்கோடன் பூசணிக்காயின்மேல் கற்பூரம் ஏற்றி நின்றான்.

"சார், சிரிங்க சார்."

துணியை அவிழ்த்தார். உதடுகள் பிரிந்தன. பற்கள் தெரிந்தன.

தளம் முழுவதும் அந்த வாயையே பார்த்தது.

"சார்... அது சிரிப்பு மாதிரி இல்ல சார்."

அவள் எதிரே சம்மணமிட்டு அமர்ந்திருந்தாள். அவளுக்கு அவசரமில்லை.

கற்பூரம் அணைந்தது.

செங்கோடன் இன்னொன்றை எடுத்தான்.